டோரத்தி கிளார்க் வில்சனின் எழுத்தும் சேந்தமங்கலம் – கொல்லிமலை வாழ்க்கை வரலாறுகளும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க நாவலாசிரியரும் நாடக ஆசிரியரும் சிறுவர் இலக்கியப் படைப்பாளருமான டோரத்தி கிளார்க் வில்சன் (1904–2003), தம் எழுத்து வாழ்வின் பிற்பகுதியில் தமிழகத்தோடு தொடர்புடைய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். அவற்றுள் இரண்டு நூல்கள் இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலத்தையும் அதனை அடுத்துள்ள கொல்லிமலையையும் களமாகக் கொண்டவை. அவர் நாவலாசிரியராகப் பெற்ற பயிற்சி இவ்வாழ்க்கை வரலாறுகளை எவ்வாறு வடிவமைத்தது என்பதையும், வட்டார வரலாற்றை எழுதுவோர் இந்நூல்களை எந்த அளவிற்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்

டோரத்தி கிளார்க் வில்சன், வாழ்க்கை வரலாறு, சிறுவர் இலக்கியம், சேந்தமங்கலம், கொல்லிமலை, எவ்லின் பிராண்ட், பால் பிராண்ட், வாய்மொழி வரலாறு.

முன்னுரை

நாமக்கல்லுக்கு வடகிழக்கே, கொல்லிமலையின் அடிவாரச் சமவெளியில் அமைந்த ஊர் சேந்தமங்கலம். மலையிலிருந்து இறங்கும் விளைபொருள்களுக்கும் மலைக்குச் செல்லும் பண்டங்களுக்கும் அது நெடுங்காலம் வாயிலாக இருந்து வந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் ஆங்கிலேயச் சமய அமைப்பு இவ்வூரில் பணித்தளம் ஒன்றை நடத்தியது. 1913ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் ஹாரிஸ் ஆகிய இருவரின் திருமணம் சேந்தமங்கலத்தில் நடைபெற்றது. பின்னர் அவர்கள் கொல்லிமலையில் வாழவந்தி என்னும் ஊரில் குடியமர்ந்தனர். அவர்களின் மகனாக 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பிறந்தவரே பிற்காலத்தில் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற பால் பிராண்ட்.

மகனின் வாழ்வை 1965ஆம் ஆண்டிலும் தாயின் வாழ்வை 1976ஆம் ஆண்டிலும் நூலாக்கியவர் டோரத்தி கிளார்க் வில்சன். ஆங்கில வாசகர்களிடையே கொல்லிமலை என்னும் பெயர் பரவியதில் இவ்விரு நூல்களுக்கும் பங்குண்டு. எனினும், இவற்றை எழுதியவர் வரலாற்றறிஞர் அல்லர்; மானிடவியலாளரும் அல்லர். விவிலிய மாந்தர்களை நாவல்களாக்கிப் பெயர்பெற்ற கதையாசிரியர். எனவே, இந்நூல்களைச் சான்றாகக் கையாளும் முன் இவற்றின் ஆசிரியர் யார், அவர் எவ்வகை எழுத்தில் பழகியவர், அப்பழக்கம் இந்நூல்களில் எங்கெல்லாம் செயற்படுகிறது ஆகியவற்றை அறிதல் இன்றியமையாததாகிறது.

இளமையும் நாடக முயற்சிகளும்

டோரத்தி கிளார்க் 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில், கார்டினர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு சமயப் போதகர். அதே மாநிலத்திலுள்ள பேட்ஸ் கல்லூரியில் பயின்று 1925ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அதே ஆண்டில் எல்வின் வில்சன் என்பவரை மணந்தார். மெதடிஸ்ட் திருச்சபைப் போதகரான கணவரின் பணியையொட்டி மெய்ன் மாநிலத்துச் சிற்றூர்களிலேயே அவருடைய வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது.

அவருடைய எழுத்து வாழ்வு நாடகத்தில் தொடங்கியது. சிற்றூர்ச் சபைகளில் நடிப்பதற்கேற்ற நாடகங்கள் கிடைக்காத நிலையில், தாமே எழுதத் தொடங்கினார். காலப்போக்கில் அவர் எழுதிய சமய நாடகங்கள் பல பத்துகளாகப் பெருகின. தொழில்முறை நடிகர்கள் அல்லாத ஊர்மக்கள் நடிப்பதற்காக எழுதப்பட்டவை அவை. குறைந்த அரங்கப் பொருள்கள், தெளிவான மோதல், உரையாடல் வழியே நகரும் கதை ஆகியவை அத்தகைய நாடகத்தின் தேவைகள். உரையாடலால் ஒரு காட்சியை நிறுத்தும் திறன் அவருக்கு இவ்வாறே படிந்தது. பின்னர் அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளிலும் இத்திறன் தொடர்ந்து வெளிப்படுகிறது.

விவிலிய நாவல்கள்

1944ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பிரதர்’ என்னும் நாவல் அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. இயேசுவின் உடன்பிறந்தாராகக் கருதப்படும் யாக்கோபின் பார்வையில் அமைந்த கதை அது. தொடர்ந்து ஆமோஸ் தீர்க்கதரிசியைப் பற்றிய ‘தி ஹெர்ட்ஸ்மேன்’ 1946ஆம் ஆண்டிலும், மோசேயின் இளமையைப் பற்றிய ‘பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ 1949ஆம் ஆண்டிலும், ‘ஜெசபெல்’ 1955ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

இவற்றுள் ‘பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ தனித்துக் குறிப்பிடத்தக்கது. செசில் பி. டெமில் இயக்கி 1956ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ திரைப்படம், தன் மூலங்களாக அறிவித்த நூல்களுள் இந்நாவலும் ஒன்று. தமிழகத் திரையரங்குகளிலும் திரையிடப்பட்ட அப்படத்தின் மூலம், அவருடைய கற்பனையின் ஒரு கூறு அவர் பெயரை அறியாத தமிழ்ப் பார்வையாளர்களையும் எட்டியது எனலாம்.

மோசே குழந்தைப் பருவத்தில் அரச குடும்பத்தை அடைந்ததைக் கூறும் விவிலியம், அவர் வளர்ந்த ஆண்டுகளைப் பற்றி ஏறத்தாழ மௌனம் காக்கிறது. அந்த மௌனமே நாவலின் களம். மூலநூல் விட்டுச்சென்ற இடைவெளியை எகிப்திய வாழ்வு பற்றிய வாசிப்பாலும் கற்பனையாலும் நிரப்புவதே வில்சனின் முறை. சிறு குறிப்பொன்றிலிருந்து முழு மாந்தரை எழுப்பும் இம்முறை தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கிடைத்த குறிப்புகளிலிருந்து கல்கி வரலாற்று நாவல்களைப் படைத்த முறையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆயினும், பழங்காலத்து மாந்தரை எழுதும்போது அவர்களோ அவர்தம் மக்களோ எழுந்து மறுக்கப்போவதில்லை. சமகால மனிதரை எழுதும்போது அவ்வுரிமை சுருங்குகிறது. வில்சனின் பிற்காலப் படைப்புகள் இந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கின்றன.

இந்தியாவும் சிறுவர் நூல்களும்

இந்தியாவைப் பற்றிய அவருடைய எழுத்து முதலில் புனைவாகவே தோன்றியது. 1952ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹவுஸ் ஆஃப் எர்த்’ இந்தியச் சிற்றூர் வாழ்வைக் களமாகக் கொண்ட நாவல். 1954ஆம் ஆண்டு ‘ஃப்ளை வித் மீ டு இந்தியா’ என்னும் சிறுவர் நூல் வெளிவந்தது. ‘என்னோடு இந்தியாவுக்குப் பறந்து வா’ எனப் பொருள்படும் அத்தலைப்பே நூலின் நோக்கத்தை அறிவிக்கிறது. வேற்றுநாட்டுக் குழந்தையை அழைத்துக்கொண்டு போய் ஒரு நாட்டைக் காட்டுபவராக ஆசிரியர் தம்மை நிறுத்திக்கொள்கிறார். பின்னர் ‘தி ஜர்னி’ (1962), ‘தி த்ரீ கிஃப்ட்ஸ்’ (1963) ஆகிய சிறுவர் நூல்களையும் அவர் எழுதினார்.

எண்ணிக்கையில் குறைவெனினும், இச்சிறுவர் நூல்கள் அவருடைய எழுத்து முறையைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. சிறுவருக்கு எழுதுவோர் எதையும் முன்னறிந்ததாகக் கொள்ள இயலாது. மண்சுவர், மாட்டுவண்டி, கிணறு, அடுப்பு என ஒவ்வொன்றையும் கண்முன் நிறுத்தியாக வேண்டும். பொதுக்கருத்தைக் கூறுவதினும் ஒரு நிகழ்ச்சியைக் காட்டுவது அங்கு வலிமையுடையது. வேலூரையும் கொல்லிமலையையும் காணாத அமெரிக்கப் பெரியவர்களுக்கு எழுதியபோதும் இவ்விளக்கும் முறையே அவருக்குக் கைகொடுத்தது. அதேவேளையில், சிறுவர் எழுத்துக்குரிய எளிமைப்படுத்தலும் அவற்றில் உடன்வந்தது.

வேலூர் நூல்கள்

1950களில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியோடு ஏற்பட்ட தொடர்பு வில்சனின் எழுத்தைத் திசைதிருப்பியது. அக்கல்லூரியின் நிறுவனர் ஐடா ஸ்கடர் (1870–1960) இராணிப்பேட்டையில் பிறந்தவர். 1900ஆம் ஆண்டு வேலூரில் சிறிய அளவில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902ஆம் ஆண்டு மேரி டேபர் ஷெல் மருத்துவமனையை உருவாக்கினார். 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். அவருடைய வாழ்வைக் கூறும் ‘டாக்டர் ஐடா’ 1959ஆம் ஆண்டு, அவர் உயிரோடிருந்தபோதே வெளிவந்தது.

அடுத்து, மேரி வர்கீஸின் வாழ்வைக் கூறும் ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ 1963ஆம் ஆண்டு வெளிவந்தது. வேலூரில் பணியாற்றிய இளம் மருத்துவரான மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு வாகன விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1972ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மேரி வர்கீஸுக்குத் தொழுநோய்க் கை அறுவை மருத்துவத்தில் வழிகாட்டிய பால் பிராண்டே அடுத்த நூலின் நாயகர். ‘டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்’ 1965ஆம் ஆண்டு வெளிவந்தது. இரு நூல்களின் தலைப்புகளிலும் கையும் விரலும் இடம்பெறுவது கருதத்தக்கது. மருத்துவ உண்மையை இலக்கியப் படிமமாக மாற்றும் நாவலாசிரியரின் மனம் இத்தலைப்புகளில் புலப்படுகிறது.

மருத்துவ உண்மை இதுதான்: தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. நரம்பு பாதிக்கப்பட்டு வலியுணர்வு மறைவதால், சூடும் வெட்டும் உரசலும் உணரப்படாமல் ஏற்படும் காயங்களே சிதைவுக்குப் பெரிதும் காரணம் என்பதைப் பால் பிராண்டும் உடன்பணியாற்றியோரும் எடுத்துக்காட்டினர். செயலிழந்த தசைக்கு மாற்றாக, நன்னிலையிலுள்ள தசையின் நாணை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தனர். 1960ஆம் ஆண்டு ஆல்பர்ட் லாஸ்கர் விருது பால் பிராண்டுக்கு வழங்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார்.

கொல்லிமலை: இரு காட்சிகள்

பால் பிராண்டின் வாழ்க்கைக் கதையில் இரு நிகழ்ச்சிகள் எதிரெதிராக நிற்கின்றன. முதலாவது, அவருடைய கொல்லிமலைச் சிறுபருவத்தைச் சேர்ந்தது. தொழுநோயுற்ற மூவர் மலையேறி அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, தந்தை ஜெஸ்ஸி கையுறை அணிந்து அவர்களின் புண்களுக்கு மருந்திட்டுக் கட்டினார். தாய் ஒரு கூடையில் உணவு அளித்தார். அவர்கள் சென்ற பின் அக்கூடை எரிக்கப்பட்டது. அவர்கள் அமர்ந்திருந்த இடத்துக்குச் செல்லக்கூடாது எனக் குழந்தைகள் எச்சரிக்கப்பட்டனர். பிற நோயாளிகளிடம் காணாத அச்சத்தைத் தந்தையிடம் அன்று கண்டதாகப் பால் பிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இரண்டாவது, 1947ஆம் ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் நிகழ்ந்தது. அங்கு மருத்துவர் ராபர்ட் காக்ரேனுடன் சென்ற பால் பிராண்ட், நோயாளி ஒருவரின் மடங்கிய கையோடு தம் கையைக் கோத்துப் பார்த்தார். செயலற்றதாகத் தோன்றிய அக்கை அவர் எதிர்பாராத வலிமையோடு பற்றியது. எல்லாத் தசைகளும் அழியவில்லை. நன்னிலையில் உள்ளவற்றைக் கொண்டு பிறவற்றை ஈடுசெய்யலாம் என்னும் எண்ணம் அப்பற்றுதலிலிருந்து பிறந்தது.

கையுறை அணிந்த தந்தையின் கையும் வெறுங்கையால் நோயாளியைப் பற்றிய மகனின் கையும் ஒன்றை ஒன்று விளக்குகின்றன. நாடகம் எழுதிப் பழகிய ஓர் ஆசிரியருக்கு இதனினும் பொருத்தமான அமைப்புக் கிட்டுவது அரிது. இரு நிகழ்ச்சிகளும் பால் பிராண்டின் நினைவிலிருந்து வந்தவை. ஆனால், பல நூறு நினைவுகளுள் இவ்விரண்டையும் தூக்கி நிறுத்தித் தொடக்கமும் திருப்பமுமாக வாசகர் உணரச் செய்வது எடுத்துரைப்பின் செயல். நிகழ்ச்சி மெய்யாக இருக்க, அதன் இடமும் எடையும் ஆசிரியரால் தரப்படுவதை இங்குக் காணலாம்.

சேந்தமங்கலத்திலிருந்து மலைக்கு: எவ்லின் பிராண்டின் வாழ்வு

1976ஆம் ஆண்டு வெளிவந்த ‘கிரானி பிராண்ட்’ இவ்வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானது. எவ்லின் 1879ஆம் ஆண்டு பிறந்தவர். இலண்டனில் வசதியான குடும்பத்தில் வளர்ந்தவர், ஓவியம் பயின்றவர். சமயப் பணியை ஏற்று இந்தியா வந்து, சேந்தமங்கலத் திருமணத்தின்பின் மலை வாழ்வை ஏற்றார். இன்று அடிவாரக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை மேலேறுகிறது. அக்காலத்தில் மலையேற ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. நடந்தோ குதிரையிலோ டோலியிலோதான் செல்ல இயலும்.

மலையில் அவர்கள் மருத்துவம், பள்ளி, கைத்தொழில், தோட்டப்பயிர் ஆகியவற்றில் ஈடுபட்டனர். நரம்புச் சிலந்தி நோய் மலைமக்களை வருத்திய காலம் அது. குடிநீரில் இறங்கி நீர் மொள்ளும் வழக்கத்தால் அந்நோய் பரவுவதை எடுத்துக்கூறி, சுற்றுச்சுவருடைய கிணறுகளை அமைக்க ஜெஸ்ஸி முயன்றார். 1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் கருநீர்க் காய்ச்சலால் அவர் மலையிலேயே இறந்தார். மகன் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்.

எவ்லினின் கதையில் மிகுதியும் பேசப்படுவது அதன் பிற்பகுதி. மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெறும் வயது வந்தபோது, அவர் நாடு திரும்ப மறுத்துத் தம் சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பினார். கொல்லிமலையோடு நில்லாமல் கல்வராயன் மலை, பச்சைமலை முதலிய இடங்களுக்கும் தம் பணியை விரித்தார். எலும்பு முறிவுகளுக்குப் பின்னும் இரு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். குதிரைமீதமர்ந்து ஊர்களுக்குச் சென்றார். 1974ஆம் ஆண்டு டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில் இறந்து, வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் வில்சனின் நூல் வந்தது.

ஒரு பெண்ணின் முதுமை வரலாற்றின் மையத்துக்கு வருவது இந்நூலின் குறிப்பிடத்தக்க கூறு. வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் வெற்றியோடு முடிவடைந்து, ஓய்வுக்குப் பிந்தைய ஆண்டுகளைச் சில பக்கங்களில் கடந்துவிடும். எவ்லினின் கதையோ ஓய்வுக்குப் பின்னரே விரிவடைகிறது. மேரி வர்கீஸ், ஐடா ஸ்கடர் மட்டுமன்றி, முதல் அமெரிக்கப் பெண் மருத்துவப் பட்டதாரியான எலிசபெத் பிளாக்வெல் (‘லோன் உமன்’, 1970), பரேலியில் பணியாற்றிய கிளாரா ஸ்வெயின் (‘பேலஸ் ஆஃப் ஹீலிங்’, 1968) ஆகியோரையும் எழுதிய வில்சனின் நூல்வரிசையில், உரிய இடம் மறுக்கப்பட்ட பெண் தனக்கான பணியைத் தானே வகுத்துக்கொள்ளும் கதை மீண்டும் மீண்டும் வருகிறது. கிரானி பிராண்ட் அவ்வரிசையில் வயதால் வேறுபட்டவர்.

சான்றும் புனைவும்

இந்நூல்களை வட்டார வரலாற்றுக்குப் பயன்படுத்துவோர் அவற்றின் செய்திகளை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காண்பது பயன்தரும்.

முதல் அடுக்கு, பிற ஆவணங்களால் உறுதிப்படுத்தத்தக்க செய்திகள். பிறப்பு, இறப்பு, திருமணம், பணியிட மாற்றம், நிறுவனங்களின் தோற்றம், விருது போன்றவை இதில் அடங்கும். இவற்றைச் சரிபார்க்க மிஷன் ஆவணங்களும் அரசு ஆவணங்களும் உள்ளன. இங்கு ஓர் ஆட்சிப் பிரிவுச் செய்தி நினைவிற்கொள்ளத்தக்கது. நாமக்கல் வட்டம் 1910ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. பின்னர் மீண்டும் சேலத்துடன் இணைந்தது. 1997ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. எனவே, பிராண்ட் தம்பதியர் மலையேறிய காலத்துக்குரிய அரசுக் குறிப்புகளைச் சேலம் மாவட்ட ஆவணங்களில் மட்டும் தேடுவோர் வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம்.

இரண்டாம் அடுக்கு, குடும்பத்தாரின் நினைவுகள். தொழுநோயாளர் மூவரின் வருகை இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு குழந்தையின் நினைவாகத் தங்கி, பல்லாண்டுகளுக்குப் பின் சொல்லப்பட்டு, பிறகு எழுத்தாகியது அது. அது பொய்யென்று தள்ளத்தக்கதன்று. ஆயினும், பின்னாளில் தொழுநோய் மருத்துவராகிவிட்ட ஒருவரின் நினைவில் அந்நிகழ்ச்சி பெற்ற முதன்மையை, அது நிகழ்ந்த நாளில் பெற்ற முதன்மையாகக் கொள்ளுதல் ஆகாது.

மூன்றாம் அடுக்கு, ஆசிரியரின் ஆக்கம். மாந்தர் தமக்குள் எண்ணுவன, சொல்லுக்குச் சொல் தரப்படும் உரையாடல்கள், வானிலையும் முகக்குறிப்பும் சேர்ந்த காட்சி விவரிப்புகள் ஆகியவை இதில் அடங்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் மலைப்பாதையில் இருவர் பேசிக்கொண்டதை மேற்கோள் குறிக்குள் தரும் பகுதி, வாசிப்புக்கு உயிரூட்டுகிறது. சான்றாக மேற்கோள் காட்டத்தக்கதாகாது. கல்கி ‘பொன்னியின் செல்வன்’ முடிவுரையில் வரலாறு எது, கற்பனை எது என்பதைப் பற்றித் தம் வாசகர்களிடம் பேசினார். நாவல் என்று அறிவித்துக்கொண்ட படைப்புக்கே அத்தகைய தெளிவு தேவைப்பட்டதெனில், வாழ்க்கை வரலாறு என்று அறிவித்துக்கொள்ளும் நூலை வாசிப்போர் அத்தெளிவைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

மலைமக்களின் குரல்

இவ்வடுக்குப் பிரிப்பைக் கடந்த சிக்கல் ஒன்றும் உண்டு. அது யாருடைய நினைவு பதிவானது என்பதைப் பற்றியது. பிராண்ட் குடும்பத்தார் நினைவுகூர்ந்த நிகழ்ச்சிகளுள் ஒன்று, முதல் உலகப்போரை ஒட்டிப் பரவிய இன்ஃபுளூயன்சாக் காய்ச்சல் காலத்தது. அதுவரை அவர்களின் பணியை எதிர்த்து வந்த உள்ளூர்ப் பூசாரி ஒருவர், நோயால் இறக்கும் தறுவாயில் தம் குழந்தைகளை அவர்களிடம் ஒப்படைத்தார் என்பது அந்நினைவு. மிஷன் நோக்கில் அது எதிர்ப்பு நம்பிக்கையாக மாறிய தருணம். ஆனால், அப்பூசாரி ஏன் எதிர்த்தார், மலைநாட்டுச் சமூக அமைப்பில் அவருடைய பொறுப்பு என்ன, அம்முடிவை அவருடைய உறவினர் எவ்வாறு ஏற்றனர் என்னும் வினாக்களுக்கு விடையளிக்கக்கூடியவை மலையின் வாய்மொழி மரபுகளே.

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர்க்குத் தம் தோற்றம் பற்றிய வாய்மொழி வரலாறு உண்டு. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது அவர்கள் கூறுவது. அவர்களின் நிலப்பகுதி வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு முதலிய நாடுகளாகப் பகுக்கப்பட்டது. அரப்பளீசுவரர் கோயிலும் கொல்லிப்பாவை வழிபாடும் அம்மலைக்குத் தனி அடையாளம் தருபவை. சங்கப் பாடல்களில் கொல்லிமலையும் அதன் பாவையும் வல்வில் ஓரியும் இடம்பெறுகின்றன. இத்துணை நீண்ட நினைவு மரபுடைய ஒரு மலை, வெளியிலிருந்து வந்தோரின் வருகையோடு வரலாறு தொடங்கும் இடமாக ஒரு நூலில் தோன்றுமாயின், அது நூலின் பார்வைக் கோணத்தால் நிகழ்வது. வில்சன் எழுத முற்பட்டது ஒரு குடும்பத்தின் வரலாறு. மலையின் வரலாறு அன்று. அவ்வேறுபாட்டை மறந்து வாசிப்பது வாசகரின் பிழையாகும்.

இவ்விடத்தில் நாமக்கல் வட்டாரத்து நாவலாசிரியர் கு. சின்னப்ப பாரதியின் ‘சங்கம்’ நாவலை அருகில் வைத்துக் காணலாம். கொல்லிமலைப் பழங்குடியினர் சுரண்டலுக்கு எதிராக அமைப்பாகத் திரள்வதை அந்நாவல் கூறுகிறது. வில்சனின் நூலில் மாற்றம் தனிமனிதரின் ஈகத்தால் நிகழ்கிறது. ‘சங்கம்’ நாவலில் மக்களின் கூட்டுச் செயலால் நிகழ்கிறது. முன்னதில் மலைமக்கள் உதவி பெறுவோராகவும் பின்னதில் உரிமை கேட்போராகவும் நிற்கின்றனர். புனைவு என அறிவித்துக்கொண்ட தமிழ் நாவல், உண்மை வரலாறு என அறிவித்துக்கொண்ட ஆங்கில நூல் காட்டாத ஒரு மெய்ம்மையைக் காட்டுவது, இலக்கிய வகைமைப் பெயர்களை மட்டும் நம்பிச் சான்றின் தரத்தை முடிவுசெய்ய இயலாது என்பதை உணர்த்துகிறது.

இதனால் வில்சனின் நூல்கள் பயனற்றவையாகிவிடவில்லை. சாலையில்லாக் காலத்து மலைப்பயணம், நரம்புச் சிலந்தி நோய், தொழுநோயாளர் பெற்ற புறக்கணிப்பு, அடிவாரச் சேந்தமங்கலத்துக்கும் மலைக்குமிருந்த தொடர்பு ஆகியவற்றை அறிய அவை உதவும். ஒருவர் நேரில் கண்டதைக் கேட்டு எழுதப்பட்ட பகுதிகள் அவற்றில் உள்ளன. கேட்கப்பட்டோர் பலரும் இன்று இல்லை. ஆகவே, இந்நூல்களை முழுதும் ஏற்பதோ முழுதும் தள்ளுவதோ இன்றி, மலை ஊர்களில் முதியோரிடம் எஞ்சியிருக்கும் நினைவுகளோடு பொருத்திக் காண்பதே முறையாகும். அந்நினைவுகளுக்குரிய தலைமுறை விரைந்து குறைந்துவருவதால், இப்பணிக்குக் காலஎல்லையும் உண்டு.

முடிவுரை

டோரத்தி கிளார்க் வில்சன் 2003ஆம் ஆண்டு மறைந்தார். அவர் எழுதிய பால் பிராண்டும் அதே ஆண்டு ஜூலை மாதம் மறைந்தார். இக்கட்டுரையின்வழி பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. சிற்றூர் மேடைக்கான நாடகங்களில் தொடங்கி, விவிலிய நாவல், சிறுவர் நூல், வாழ்க்கை வரலாறு என வில்சனின் எழுத்து விரிந்தது. காட்சியமைப்பு, உரையாடல், அறியாதார்க்கு விளக்கும் எளிமை ஆகிய மூன்றும் முந்தைய வகைகளிலிருந்து வாழ்க்கை வரலாற்றுக்கு வந்து சேர்ந்தவை.

2. மூலநூலின் மௌனங்களைக் கற்பனையால் நிரப்பும் நாவல் உத்தி, வாழ்ந்த மனிதரைப் பற்றிய நூல்களிலும் செயற்படுகிறது. ஆகவே, ஆவணச் செய்தி, குடும்ப நினைவு, ஆசிரியர் ஆக்கம் என்னும் மூன்று அடுக்குகளைப் பிரித்தறிந்தே இந்நூல்களைச் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

3. சேந்தமங்கலமும் கொல்லிமலையும் இந்நூல்களில் ஒரு குடும்பத்தின் பார்வையில் பதிவாகியுள்ளன. மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி வரலாறு, மாவட்ட ஆவணங்கள், இவ்வட்டாரத் தமிழ் நாவல்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆராயும்போதே அப்பதிவின் மதிப்பும் எல்லையும் ஒருங்கே விளங்கும்.

வாழவந்தியில் இரு கல்லறைகள் உள்ளன. அவற்றின்கீழ் உள்ளோரின் கதை ஆங்கிலத்தில் அச்சாகிப் பரவியிருக்கிறது. அவர்களைத் தம் ஊரில் ஏற்றவர்களின், எதிர்த்தவர்களின், அவர்களோடு நடந்தவர்களின் கதை தமிழில் எழுதப்படும் நாளில், வில்சனின் நூல்களும் தமக்குரிய சரியான இடத்தைப் பெறும்.